இரண்டாவது கிளட்ச் பிளேட் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது?

என் அக்காவின் காரில் கம்பெனியிலிருந்து வந்த முதல் கிளட்ச் பிளேட் (இன்ஜினின் சுற்றைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உராய்வுத் தகடு) 90,000 கிலோமீட்டருக்கு மேல் உழைத்தது. அதற்குப் பதிலாகப் போட்ட இரண்டாவது பிளேட் 25,000 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் நழுவத் தொடங்கிவிட்டது. ஓட்டுபவர் மாறவில்லை, ஓடும் சாலைகள் மாறவில்லை, ஏற்றும் சுமையும் மாறவில்லை. ஆனாலும் பணிமனையில் வண்டியைப் பார்த்தவர்கள், ஓட்டும்போது அக்கா காலைக் கிளட்ச் பெடல் மேலேயே வைத்திருக்கிறார் என்று ஒரே வரியில் முடிவு சொல்லிவிட்டார்கள். எந்த அளவையும் எடுக்காமல் சொல்லப்பட்ட அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 90,000 கிலோமீட்டர் வரை ஒழுங்காக இருந்த கால் அதற்குப் பிறகு திடீரென்று கெட்டுப்போக ஒரு காரணம் வேண்டும். ஆகவே புதிய பிளேட் போடுவதற்கு முன், பழையது எங்கே போனது என்பதைக் கண்டுபிடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் நழுவும் விதத்தைக் கவனித்தேன். காலையில் வண்டியை எடுக்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, நான்காவது கியரில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், இன்ஜின் சுற்று மட்டும் விறுவிறுவென்று ஏறியது, வேகம் ஏறவில்லை, கூடவே கருகிய வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் கிளட்ச் மறுபடியும் பிடித்துக்கொண்டது. சூடேறினால் பிளேட்டின் பிடிமானம் ஓரளவு குறைவது இயல்புதான் என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஆனால் இன்னொன்றும் சேர்ந்து நடந்தது: வண்டி சூடாக இருக்கும்போது பெடலை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகே கிளட்ச் பிடித்தது, ஆறியிருக்கும்போது அந்த இடம் தெளிவாகக் கீழே இருந்தது. கேபிள் வைத்த கிளட்சில் பிளேட் தேயத் தேயப் பிடிக்கும் இடம் மேலே ஏறும். இந்தக் காரில் இருப்பதோ கேபிளுக்குப் பதிலாக ஆயில் வழியாகப் பெடலின் விசையைக் கடத்தும் ஹைட்ராலிக் கிளட்ச். தேய்வைத் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும் அமைப்பு. அதில் ஒரே நாளில், சூட்டுக்குத் தகுந்தாற்போல், பிடிக்கும் இடம் ஏறி இறங்கக் கூடாது. என் சந்தேகம் பிளேட்டை விட்டு ஆயில் பாதைப் பக்கம் திரும்பியது இதனால்தான்.

ஓட்டும் முறையை ஒதுக்கிவிடவும் இல்லை. கிளட்ச் தேய்வது நழுவும் நேரத்தில் மட்டுமே என்பதால், அங்கே எவ்வளவு சூடு பிறக்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,100 கிலோ எடையுள்ள காரை முதல் கியரில் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நிதானமாகக் கிளப்பினால், கிளட்ச் முழுவதும் பிடிக்கும்போது வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்த ஒரு கிளப்பலில் பிளேட்டில் பிறக்கும் சூடு ஏறத்தாழ 5 கிலோஜூல். அதையே 3,000 சுற்றில் செய்தால் சூடு நான்கு மடங்காகிறது. இரண்டாவது கியரில் கிளப்பினால் மூன்று மடங்குக்கும் மேல். எல்லாவற்றையும்விட மோசமானது ஏற்றத்தில் பிரேக் போடாமல் அரை கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பது. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவில், 1,200 சுற்றில் அப்படி நிறுத்தினால், நொடிக்கு ஏறத்தாழ 2.6 கிலோஜூல் சூடு பிளேட்டில் இறங்குகிறது. அரை நிமிடம் நிற்பது நிதானமாகப் பதினைந்து முறை கிளப்புவதற்குச் சமம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். அவர் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துகிறார். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்துவிடுகிறார். கியர் மாற்றாத நேரத்தில் இடது கால் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறது. 25,000 கிலோமீட்டரில் ஒரு பிளேட்டைத் தீர்க்கும் பழக்கம் எதையும் நான் பார்க்கவில்லை.

நழுவலை உறுதிப்படுத்த ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, முன்னால் யாரும் இல்லாத திறந்த இடத்தில் மூன்றாவது கியரைப் போட்டு, சுற்றைச் சற்றே ஏற்றிக் கிளட்சை விட்டேன். கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் இன்ஜின் உடனே திணறி நின்றுவிட வேண்டும். ஆறியிருந்தபோது நின்றது, சூடாக இருந்தபோது இழுத்துக்கொண்டே ஓடிப் பிறகுதான் நின்றது. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் இருக்கும் பிளேட்டையும் எரித்துத்தான் விடை கிடைக்கிறது.

அடுத்து, சூட்டில் நழுவிக்கொண்டிருந்த நிலையிலேயே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்தேன். பெடலில் யாரும் கால் வைக்காத நேரத்தில் ஆயில் பாதையில் அழுத்தம் எதுவும் தங்கக் கூடாது. அதைச் சோதிக்க, பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாயின் நட்டைத் துணி சுற்றி, ஃபிளேர் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் தளர்த்தினேன். அழுத்தம் இல்லை என்றால் ஆயில் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். இங்கே துணியை நனைத்துக்கொண்டு சுரீரென்று பீய்ச்சியது. நட்டை இறுக்கி, வண்டியை எடுத்துப் பார்த்தபோது, சூடு ஆறாத அதே நிலையில், அதே ஏற்றத்தில், கிளட்ச் நழுவாமல் பிடித்தது. முழுப் பழுதின் விடையும் அந்தக் கால் சுற்றில் இருந்தது.

குழாயை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் முதலில் தளர்த்தியதற்குக் காரணம் உண்டு. ரப்பர் ஹோஸ் பழையதாகி உட்புறம் உப்பிவிட்டால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைப் போகவிட்டு, விடும்போது திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் மேலே தளர்த்தும்போது ஒன்றும் நடக்காது. கீழே, அந்த ஆயிலின் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் (ஆயிலை வெளியேற்றும் திருகைத்) திறந்தால்தான் அழுத்தம் வெளியேறும். மேலே தளர்த்தியதுமே கிளட்ச் பிடித்துக்கொண்டதால் ஹோஸ் குற்றவாளி இல்லை, மாஸ்டர் சிலிண்டர்தான் என்பது தெளிவாயிற்று. இதைச் செய்பவர்கள் கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம். இந்தப் பாதையில் இருக்கும் பிரேக் ஆயில் கண்ணுக்குக் கெடுதல், பெயின்டைக் கரைக்கும், கொதிக்கும் எக்சாஸ்ட் மேல் சிந்தினால் தீப்பிடிக்கவும் கூடும். நட்டைத் தளர்த்தியதால் காற்றுப் புகுந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் பிறகு ஏர் எடுக்க (பாதையிலுள்ள காற்றை வெளியேற்ற) வேண்டியதும் கட்டாயம்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்து நிற்கும் நிலையில், ஆயில் தொட்டியான ரிசர்வாயருக்குப் போகும் ஒரு சிறு துளை திறந்திருக்கும். பெடலை மிதித்த உடனே பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளையைக் கடந்து மூடிவிடும். அதன் பிறகுதான் அழுத்தம் ஏறும். பெடலை விட்டதும் கப் பின்வாங்கித் துளை திறந்து, பாதையில் மிச்சமுள்ள ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பிவிடும். பெடலையும் பிஸ்டனையும் இணைக்கும் புஷ் ராடு கொஞ்சம் நீளமாக வைக்கப்பட்டிருந்தால் பிஸ்டனால் முழுவதும் பின்னால் வர முடியாது. கப் துளையின் விளிம்பிலேயே நின்றுவிடும். வண்டி ஆறியிருக்கும்போது விளிம்பு ஓரமாக ஆயில் மெல்லக் கசிந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஓட ஓட ஸ்லேவ் சிலிண்டரும் குழாயும் சூடாகி ஆயில் விரிகிறது. திரும்பிப் போக வழி இல்லாததால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. யாரோ பெடலை இலேசாக மிதித்துக்கொண்டிருப்பது போன்ற நிலை உண்டாகிறது.

இதில் நான் மிகவும் முக்கியம் என்று கருதுவது அடுத்த படி. பிளேட் தேய்ந்து மெலியும்போது அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீலை நோக்கி நகரும். அதனால் பிரஷர் பிளேட்டுக்கு விசை தரும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்த்திசையில், கியர்பாக்ஸ் பக்கமாக வெளியே வரும். அவை பேரிங்கையும் அதை நகர்த்தும் ஃபோர்க்கையும் ஸ்லேவ் பிஸ்டனையும் பின்னுக்குத் தள்ளும். அந்த அளவு ஆயில் ரிசர்வாயருக்குப் போயாக வேண்டும். துளை அடைபட்டிருந்தால் அது போகாது. ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பங்கைப் பிளேட்டுக்குப் பதிலாக ஆயில் தாங்க ஆரம்பிக்கும். தேய்ந்தால் பிளேட்டை அழுத்தும் விசை குறைகிறது, விசை குறைந்தால் நழுவுகிறது, நழுவினால் இன்னும் தேய்கிறது. 200 மி.மீ. விட்டமுள்ள பிளேட்டை 4,000 நியூட்டன் விசை அழுத்துகிறது என்றும், உராய்வுக் கெழு 0.3 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு முகங்களும் சேர்ந்து சுமார் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைக் கடத்தும். 115 நியூட்டன் மீட்டர் தரும் சிறிய இன்ஜினுக்கு அது தாராளம். ஆனால் அழுத்தும் விசை நூற்றுக்கு 42 பங்கு குறைந்துவிட்டால் அந்த மிச்சம் முழுவதும் போய்விடுகிறது. பிளேட் புதிதாக இருந்தாலும் ஏற்றத்தில் நழுவத்தான் செய்யும்.

பெடலுக்கு அடியில் தலையைக் கொடுத்து, டார்ச் வெளிச்சத்தில் புஷ் ராடைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பிஸ்டனைத் தொடுவதற்கு முன் ராடில் சிறிது பிளே (தளர்வு) இருக்க வேண்டும். பல கார்களில் பெடலின் நுனியில் அளந்தால் அது 1 முதல் 5 மி.மீ. வரை இருக்கும் என்று கையேடுகள் குறிப்பிடுகின்றன. இங்கே துளியும் இல்லை. லாக் நட்டின் முகங்களில் ஸ்பேனர் வழுக்கிய பளபளப்பான தடம் இருந்தது. பழைய பில்லைத் தேடி எடுத்தபோது, முதல் பிளேட்டை மாற்றிய அதே வேலையில் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. புதிய சிலிண்டரோடு வந்த ராடைப் பெடலின் உயரத்துக்கு ஏற்பத் திருகிவிட்டு, பிளேயை அளக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ராடின் நீளத்தைச் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஏற்கெனவே தேய்ந்த பிளேட் திரும்ப வளராது. கியர்பாக்ஸை இறக்கினேன். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றுவது, கியர் ஆயிலை வடிப்பது, டிரைவ் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், கியர் கேபிள், மவுண்டிங் என்று வழக்கமான வரிசைதான் என்பதால் அதை விரிவாக எழுதவில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: கியர்பாக்ஸின் எடையை ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்டின் மேல் தொங்கவிடக் கூடாது. ஷாஃப்ட் பிளேட்டின் ஸ்பிளைனுக்குள் (நடுவிலுள்ள பல்வரித் துளைக்குள்) இருக்கும்போது கியர்பாக்ஸ் சாய்ந்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். கழற்றும்போது பழைய பிளேட் என்பதால் கவலையில்லை என்று தோன்றலாம். பூட்டும்போது அதே சாய்வு புதிய பிளேட்டைக் கெடுக்கும். ஜாக்கின் தலையில் மரக்கட்டை வைத்து, ஷாஃப்டின் நேர்கோட்டிலேயே பின்னுக்கு இழுத்தேன். காரின் எடை முழுவதும் ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் இருந்தது. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கிற்குள் கறுப்புத் தூள் படிந்திருந்தது. அதைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது உண்டு. இல்லாவிட்டாலும் இந்தத் தூள் நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் அன்று. பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்தி எடுத்தேன்.

கழற்றிய பாகங்களை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி வைத்து நிதானமாகப் பார்த்தேன். பிளேட்டின் இரண்டு முகங்களும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஆயில் பட்ட கறையோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த சாய்வோ இல்லை. ஆகவே கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீலும் கியர்பாக்ஸின் இன்புட் சீலும் குற்றமற்றவை. சீல் கசிந்திருந்தால் பிளேட்டின் முகம் கருமையாகிப் பிசுபிசுத்திருக்கும். கிளட்ச் நழுவுவதோடு, வண்டி கிளம்பும்போது உதறவும் செய்திருக்கும். வெர்னியரில் அளந்தபோது பிளேட் 5.9 மி.மீ. இருந்தது, புதியது 7.7 மி.மீ. ரிவெட் தலைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள ஆழம், மிகக் குறைந்த இடத்தில் 0.2 மி.மீ. மட்டுமே. பல கையேடுகளில் இதற்கான கடைசி வரம்பு 0.3 மி.மீ. இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் ரிவெட் ஃபிளைவீலைக் கீறத் தொடங்கியிருக்கும்.

அதைவிடத் தெளிவாகப் பேசியது டயாஃப்ரம் ஸ்பிரிங். அதன் விரல் நுனிகளில் ரிலீஸ் பேரிங் உரசிய இடம் நகத்தை வைத்தால் இடறும் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. இப்போதைய பல கார்களில் பேரிங் எப்போதும் இலேசாகத் தொட்டபடியே சுழலும் என்பதால் மெல்லிய பளபளப்பு வட்டம் இருப்பது தவறில்லை. 25,000 கிலோமீட்டரில் பள்ளம் விழுவது தவறு. பேரிங்கைக் கையில் எடுத்துச் சுழற்றியபோது உள்ளே கிரீஸ் வற்றிப்போன கரகரப்பு விரலில் தெரிந்தது. ஓடிய நேரமெல்லாம் அது சுமையோடு சுழன்றிருக்கிறது. காலைப் பெடலில் வைத்தே ஓட்டும் ஒருவரின் வண்டியிலும் இதே பள்ளமும் இதே கரகரப்பும் இருக்கும் என்பதை மறுக்க முடியாது. கழற்றிய பாகங்களை மட்டும் வைத்து ஓட்டுபவர்மேல் பழி போடுவது எளிதாக இருப்பது இதனால்தான். கழற்றுவதற்கு முன்பே ஆயில் பாதையின் அழுத்தத்தைச் சோதித்தால் மட்டுமே இரண்டையும் பிரித்து அறிய முடியும். கழற்றிய பிறகு அந்தச் சாட்சியம் போய்விடும்.

ஃபிளைவீலில் நீலநிறத் திட்டுகளும் முடி போன்ற மெல்லிய கீறல்களும் இருந்தன. நீலம் என்பது அந்த இடம் கடுமையாகச் சூடேறியதன் அடையாளம். வார்ப்பிரும்பு அந்த இடங்களில் இறுகிக் கடினமாகிவிடுவதால், எமரித் தாளால் தேய்த்து நிறத்தைப் போக்கினாலும் கடினப் பகுதி கீழே இருந்துகொண்டே இருக்கும். நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, மேற்பரப்பு குழியவில்லை என்று உறுதி செய்தபின், கையேடு அனுமதித்த அளவுக்குள் கிரைண்டிங் செய்து வாங்கினேன். கீறல்கள் அந்த மெல்லிய அடுக்கோடு போய்விட்டன. போகாமல் ஆழமாக இருந்திருந்தால் ஃபிளைவீலையே மாற்றியிருப்பேன். சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீல் உடைந்தால் விளைவு மிகப் பயங்கரமானது. அந்த இடத்தில் சிக்கனம் பார்ப்பது சரியன்று.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகவே போட்டேன். ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்தேன். புதிய பிரஷர் பிளேட்டின்மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைக்காமல் பூட்டினால் பிளேட் முதல் நாளே கெடும். இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைனில் கிரீஸைத் தடவி, பிளேட்டை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டி, வெளியே ஒதுங்கியதை முழுவதும் துடைத்துவிட்டேன். மிச்சம் இருந்தால் சுழற்சியில் அது பிளேட்டின் முகத்துக்குத்தான் பறந்துபோகும். சென்டரிங் கருவியால் பிளேட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் முடித்தேன்.

புஷ் ராடை, பிளே பெடலின் நுனியில் 3 மி.மீ. வரும்வரை சுருக்கி, லாக் நட்டை இறுக்கினேன். பெடலின் உயரத்தை ராடைக் கொண்டு சரிசெய்யக் கூடாது. அதற்கென்று பெடல் முட்டி நிற்கும் போல்ட் தனியாக இருக்கிறது. உயரத்தை முதலில் அங்கே வைத்துவிட்டு, அதன் பிறகே ராடுக்கு வர வேண்டும். வரிசை மாறியதுதான் சென்ற முறை நடந்த தவறு என்று நினைக்கிறேன். பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் புதிய டாட் 4 ஆயில் ஊற்றி ஏர் எடுத்தேன்.

துளை உண்மையாகவே திறந்திருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்க்காமலே அறிய ஒரு வழி உண்டு. ரிசர்வாயரின் மூடியைத் திறந்து அக்காவை அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, கீழே ஸ்லேவ் சிலிண்டரின் தண்டை ஃபோர்க்கிலிருந்து விலக்கிக் கையால் மெதுவாக உள்ளே அழுத்தினேன். "மேலே வருதுடா, சின்னதா ஒரு சுழி மாதிரி எழும்புது" என்றார். அழுத்தியபோதெல்லாம் ஆயில் தடையில்லாமல் ரிசர்வாயருக்குத் திரும்பியது. நெரிசலில் ஓடித் திரும்பிய பிறகு, பாகங்கள் கொதித்துக்கொண்டிருந்த நிலையில், கையுறை போட்டு இன்னொரு முறை செய்து பார்த்தோம். அப்போதும் அதே எழுச்சி இருந்தது. சூடான நிலையில் மூன்றாவது கியர்ச் சோதனையில் இன்ஜின் உடனே நின்றது. பிடிக்கும் இடம், ஆறியிருந்தாலும் சூடாக இருந்தாலும், பெடல் பாதையின் நடுவிலேயே இருக்கிறது.

புதிய பிளேட்டின் முகம் ஃபிளைவீலோடு முழுவதும் படிவதற்காக முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் அக்கா ஓட்டினார். அதன் பிறகு வழக்கமான ஓட்டத்தில் நெரிசல், ஏற்றம், முழுச் சுமை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. நழுவவில்லை, வாடை இல்லை. ரிசர்வாயரின் பக்கவாட்டில் ஆயில் மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் காரில் கிளட்சுக்குத் தனி ரிசர்வாயர் என்பதால், பிளேட் தேயத் தேய அந்த மட்டம் கொஞ்சமாக உயர வேண்டும். சில மாதங்களில் அது கோட்டைவிடத் தெளிவாக ஏறினால் தேய்வு வேகமாக நடக்கிறது என்று பொருள். இறங்கினால் எங்கோ கசிகிறது. ஹோஸை இந்த முறை மாற்றவில்லை. அது குற்றமற்றது என்று சோதனையில் தெரிந்தாலும் வயதாகிவிட்டதால், அடுத்து ஆயில் மாற்றும்போது அதையும் மாற்றி, புஷ் ராடின் பிளேயை மறுபடியும் அளக்க வேண்டும் என்று வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.